திருச்சி ஏர்போர்ட்டில் 2,000 ரூபாய்க்குத் தங்கம் தப்புமா?

'ஸ்கேனரில் நிற்கும் சிஐஎஸ்எஃப்காரரிடம் 2,000 ரூபாய் கொடுத்தால் தங்கத்துக்கு வரி கிடையாது' என்று தஞ்சை, கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. விமான நிலையத்தைக் காக்கும் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப் சோதிப்பது புறப்படுபவர்களை. கத்தி, வெடிபொருள் தேடுவதே அவர்கள் வேலை. வந்திறங்குபவரின் தங்கம் சுங்கத்துறை விவகாரம்.

2018-ல் இங்கே சுங்க அதிகாரிகளையே சிபிஐ கைது செய்தது உண்மைதான். அதனால் லஞ்சம் 'ரேட்' ஆகிவிடாது. கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை. மிரட்டி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்பலாம்.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கு நகைக்கு மட்டும் வரிச் சலுகை: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40. பிஸ்கட், காசு சேராது. மிஞ்சினால், வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் (ரெட் சேனல்) போய்ச் சொல்லி, வரி கட்டி, ரசீது வாங்குங்கள்.