பன்னிரண்டு பேர் பட்டியல்

பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் கைபேசிக்குப் பெற்றோரிடமிருந்து இரண்டு விதமான அழைப்புகள் வருகின்றன. "என் பையனை விளையாடக் கூப்பிடாதீர்கள் சார்" என்பது ஒன்று. "என் பையனை ஏன் சார் ஆட விடவில்லை" என்பது இன்னொன்று. சில வீடுகளில் ஒரே அப்பாவிடமிருந்து இரண்டும் வரும். ஒன்பதாம் வகுப்பில் பயிற்சிக்கு நடுவே வந்து பையனை டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போனவர், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன என்று யாரோ சொல்லக் கேட்டதும், பதினொன்றாம் வகுப்பில் இனிப்புப் பெட்டியோடு அதே மைதானத்தில் வந்து நிற்பார்.

நான் பள்ளிக் காலத்தில் வாலிபால் ஆடியவன். என்னோடு ஆடிய ஒருவன் இன்று தென்மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். என் அக்கா மகள் மாவட்ட அளவில் ஆடுகிறாள். அதனால் கோர்ட்டின் இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் காதுக்கு வந்து சேர்கிறது. என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பக்கம்தான்.

முதல் வகை அழைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவதும் திருப்பித் தராததும் தலைமுறை தலைமுறையாக நடப்பது. 2023இல் அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின் சட்டமன்றத்திலேயே, அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் கணக்கு, அறிவியல் பீரியடை எங்களுக்குக் கடன் கொடுங்கள் என்று கேட்டார். செய்தியைப் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தோம். அந்தக் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பெற்றோர்தான் என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கடுமை. எட்டாம் வகுப்பு வரை ஓடிக்கொண்டிருந்தவள் வயதுக்கு வந்ததும் மைதானத்தை விட்டுக் காணாமல் போய்விடுவாள். வெயிலில் கறுத்துவிடுவாளே, காலில் அடிபட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள், அரைக்கால் சட்டை போட்டுத்தான் ஆடவேண்டுமா என்று ஆயிரம் கேள்விகள். பதில் சொல்ல என் நண்பன் வீடு வீடாகப் போகிறான், கூடவே மனைவியையும் அழைத்துக்கொண்டு. உள்ளே அவர் அம்மாவிடம் பேசுவார், வாசலில் இவன் அப்பாவிடம் பேசுவான். இப்படி அரும்பாடுபட்டு வாங்கிய அனுமதி ஒரு திருவிழாவைத் தாண்டாது. ஊரிலிருந்து வந்த அத்தை ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். ஆசிரியர் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கவேண்டும். இதற்குப் பயணப்படி எந்தக் கணக்கிலும் கிடையாது.

நான் பேச வந்தது இரண்டாவது வகையைப் பற்றி.

தடகளத்தில் ஆசிரியருக்குப் பாதி நிம்மதி. 100 மீட்டரில் யார் வேகம் என்பதை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும், நீளம் தாண்டுதலில் டேப் சொல்லிவிடும். அப்பா எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் டேப்போடு சண்டை போட முடியாது. வாலிபால், கபடி, ஹாக்கி, கிரிக்கெட் எல்லாம் அப்படி இல்லை. வாலிபாலில் பட்டியலில் 12 பேர், கோர்ட்டில் 6 பேர். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் யார், பின்வரிசையில் தடுத்தாட மட்டும் நிற்கும் லிபரோ யார், இரண்டாவது செட்டில் பின்தங்கினால் யாரை இறக்குவது என்பதெல்லாம் ஒரு மனிதரின் கண்ணையும் அனுபவத்தையும் பொறுத்த முடிவுகள். அளந்து காட்ட முடியாத முடிவு என்பதால்தான் அதன்மேல் ஆளாளுக்குக் கை வைக்க முடிகிறது.

வெறும் பிள்ளைப் பாசத்தால் வரும் அழுத்தம் என்று இதை நான் நினைக்கவில்லை. சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறி, தேசியப் பள்ளி விளையாட்டுக்கான தமிழ்நாட்டு அணியில் பெயர் வந்துவிட்டால் கல்லூரி இடத்துக்கு வழி பிறக்கும். அதற்கும் மேலே போனால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீடு இருக்கிறது. இந்த ஒதுக்கீடுகள் தொடரவேண்டும் என்றே சொல்வேன். கூரை வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளை அவை கரையேற்றியிருக்கின்றன. ஆனால் சான்றிதழ் சொத்தாக மாறிய நாளிலிருந்து பட்டியல் எழுதும் கையின்மேல் எல்லோருடைய பார்வையும் விழுந்துவிட்டது.

அந்தக் கையின் பலம் என்ன? 2012இல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். சிறிது சிறிதாக ஏறி, 2023 அறிவிப்பில் அது 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் உட்காராத தெரு இல்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம், உள்ளூரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் வந்து "என் பையன் பெயர் பட்டியலில் இருக்கட்டும்" என்று சொன்னால், முடியாது என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வரும்? நிரந்தரப் பணியில் இருப்பவருக்கும் பாடு பெரிதாக மாறிவிடாது. இடமாற்றம் என்ற சொல் போதும்.

அதட்டல் அபூர்வம். பெரும்பாலும் குழைவாகத்தான் ஆரம்பிக்கும். "நம் பையன் சார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." அடுத்து வலைக்கும் பந்துக்கும் நன்கொடை. அடுத்து தலைமையாசிரியர் வழியாக ஒரு சொல். அதற்கடுத்து, தெரிந்த கல்வி அலுவலர். எதுவும் பலிக்காவிட்டால் மொட்டைக் கடிதம். சாதி பார்த்து ஆள் எடுக்கிறார் என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், விசாரணை முடிவதற்குள் அந்தப் பருவப் போட்டிகளே முடிந்துவிடும். (அந்த வரி உண்மையாக இருக்கும் பள்ளிகளும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.)

இவ்வளவுக்கும் பிறகு ஆசிரியர் வேலையை விட்டுவிடுவாரா என்றால், விடமாட்டார். விட்டுவிட்டு எங்கே போவார்? மெல்ல மெல்ல வேறு ஆளாகிவிடுகிறார். 12இல் இரண்டு இடங்களைச் சிபாரிசுக்கு என்று மனத்துக்குள் ஒதுக்கிவிடுகிறார். மீதி 10 பேரை வைத்து ஆடிச் சமாளித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆட்டத்தைப் பொறுத்தவரை கணக்கு சரிதான். ஆனால் 11ஆவது, 12ஆவது இடங்களை இழக்கும் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். அவர்களுடைய அப்பா அம்மா பள்ளிப் பக்கம் வந்ததே இல்லை. செங்கல் சூளையிலோ திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். கையில் கைபேசி இருந்தாலும், "சார், நல்லா இருக்கிறீர்களா" என்பதற்கு மேல் ஆசிரியரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. அழைக்கத் தெரிந்தவர்கள் அழைப்பதற்கெல்லாம் விலை கொடுப்பது அழைக்கத் தெரியாதவர்களின் பிள்ளைகள். பெற்றோர் அழுத்தம் என்று பேசும்போது ஆசிரியரின் மனவேதனையோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அதைவிட இதுதான் உறுத்துகிறது.

இரண்டாவது மாற்றம் வெளியே தெரியாது. ஆசிரியர் திருத்துவதைக் குறைத்துக்கொள்கிறார். சர்வீஸ் வாங்கும்போது முழங்காலை மடக்காமல் நிற்கும் பையனிடம், வீட்டில் போய்ச் சொல்லுவான் என்று தெரிந்தால், "பரவாயில்லை, அடுத்தது பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறார். கூடுதலாக இரண்டு சுற்று ஓடவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் படம் வரும். நான் பார்த்த ஒரு மாவட்டப் போட்டியில் ஒரு செட்டர் பெண் ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு பெஞ்சைப் பார்க்காமல் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் அப்பா, பந்தை இடது மூலைக்குத் தூக்கு என்று கையாட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியர் நடுவில் தூக்கச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் யார் சொன்னதையும் செய்ய முடியாமல் தடுமாறினாள். செட் போனது. ஆட்டம் முடிந்ததும் அப்பா நேரே ஆசிரியரிடம்தான் போனார்.

தனியார் அகாடமிகளில் கதை வேறு. அங்கே பெற்றோர் மாதக் கட்டணம் கட்டுபவர். பெஞ்சில் உட்காரவைத்தால் அடுத்த மாதம் பையன் எதிர்த் தெரு அகாடமிக்குப் போய்விடுவான். ஆகவே எல்லோருக்கும் பாராட்டு, எல்லோருக்கும் ஏதோ ஒரு கோப்பை. அதில் பெரிய கேடு இல்லை என்பேன். பணம் கொடுத்துப் பொழுதைப் போக்குகிறார்கள். பள்ளி அணி அப்படி இல்லை, அதன் சான்றிதழில் அரசு முத்திரை இருக்கிறது.

வயது விவகாரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 14, 17, 19 என்று வயதுப் பிரிவுகள் இருக்கும் வரை பிறந்த தேதியைத் தள்ளிப்போட ஆசை வரும். தகுதிப் படிவத்தை நிரப்புவது ஆசிரியர், கையொப்பமும் முத்திரையும் தலைமையாசிரியருடையவை. மாட்டினால் அவர்கள்தான் மாட்டுவார்கள். யோசனை பல நேரம் வீட்டிலிருந்து வந்திருக்கும். 2015இல் டெல்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ராகுல் திராவிட், வயதை மறைப்பதைச் சூதாட்டத்துக்கும் ஊழலுக்கும் நிகராக வைத்துப் பேசினார். பெற்றோரோ பயிற்சியாளரோ தேதியை மாற்றும் இடத்தில்தான் இது தொடங்குகிறது என்றும் சொன்னார். கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இருக்கிறது. சிறுவர் அணிகளுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள். குறுவட்டப் போட்டிக்கு வரும் உடற்கல்வி ஆசிரியரிடம் இருப்பது ஒரு ஜெராக்ஸ் பிரதி.

இப்படியெல்லாம் சொல்வதால், பெற்றோர் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். 2021இல் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் புகாரில் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதானார். பயிற்சியாளர் என்றால் கேள்வி கேட்கக்கூடாது என்ற மரியாதைதான் அப்படிப்பட்டவர்களுக்கு மறைவிடம். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு எந்த ஆசிரியை போகிறார், இரவு எங்கே தங்குகிறார்கள், அடித்தாரா, சாதியைச் சொல்லித் திட்டினாரா, அடிபட்ட காலோடு ஆட வைத்தாரா: இவற்றை எல்லாம் கேட்கவேண்டும், பதில் வரும் வரை கேட்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் குறைவு. ஏன் ஆறு பேரில் என் பிள்ளை இல்லை என்று கேட்பவர்களே அதிகம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இந்தத் தலைவலி நம்மைவிடப் பெரிது. அங்கே பல பள்ளிகள் பருவம் தொடங்கும்போதே பெற்றோரைக் கூட்டி எழுத்தில் கொடுத்துவிடுகின்றன. பிள்ளையின் உடல்நலம், நடத்தை, எப்படி முன்னேறலாம் என்பதைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசலாம். எவ்வளவு நேரம் ஆடவிட்டார், என்ன உத்தி, அடுத்தவர் பிள்ளை எப்படி என்பவை பேச்சில் வரக்கூடாது. ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் பயிற்சியாளரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. கோபம் ஆறட்டும் என்பதற்காக. அங்கும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பயிற்சியாளர் "விதியைப் பாருங்கள்" என்று கைகாட்ட ஒரு காகிதம் இருக்கிறது. நம் ஆசிரியரிடம் அது இல்லை. மறுத்தால் அவர் தனி மனிதராக மறுத்தாகவேண்டும், பகையும் தனி மனிதருக்கே.

நம் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மை பெற்றோர். கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று தீர்மானம் போடும் அந்தக் குழு ஆண்டின் தொடக்கத்தில் இதற்கும் ஒரு தீர்மானம் போடலாம். அணித் தேர்வு திறந்த மைதானத்தில் நடக்கட்டும். தேர்வு செய்ய அந்த ஆசிரியரோடு பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும் உட்காரட்டும். சாதி, சிபாரிசு என்ற சந்தேகம் எழுந்தால் பதில் சொல்ல இரண்டு பேர் இருப்பார்கள். முன்னே சொன்ன மொட்டைக் கடிதத்துக்கும், உண்மையிலேயே ஓரவஞ்சனை செய்யும் ஆசிரியருக்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. பட்டியலைத் தலைமையாசிரியர் கையொப்பத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஒட்டிய பிறகு வரும் அழைப்புகளைத் தலைமையாசிரியர் எடுக்கட்டும், உடற்கல்வி ஆசிரியர் மாலை நாலரை மணிக்கு வலை கட்டப் போகட்டும்.