மகளிர் அணிகளுக்குச் சொந்த மைதானம் வேண்டும்

2019 மே 22 அன்று, மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அணி இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கணக்கில் வென்று, இந்திய மகளிர் லீக் கால்பந்துக் கோப்பையைக் கைப்பற்றியது. ஆட்டம் நடந்த இடம் பஞ்சாபின் லூதியானா. மறுநாள் மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியானதால் நாட்டின் கவனம் முழுவதும் அதில் இருந்தது; மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கே அந்த வெற்றி சில நாள்கள் கழித்துத்தான் தெரியவந்தது. மகளிர் தொழில்முறை லீக்குகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், என் ஊர் அணி நாட்டின் முதல் அணியானதை என் ஊர் மக்கள் கேலரியில் உட்கார்ந்து பார்க்க வழியே இல்லாமல் போனதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

பெண்கள் ஆடினால் பார்க்க ஆள் வராது, ஆள் வராததால் பணம் வராது என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் மோதியபோது, பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 53,000 பேர். மறு ஆண்டே இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் கழகங்களின் மைதானங்களைப் பெண்களின் ஆட்டத்துக்குத் தரக் கூடாது என்று தடை விதித்தது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. ஆட வீராங்கனைகளும் பார்க்க மக்களும் இருந்தபோதே ஆடும் இடத்தைப் பறித்துவிட்டு, பிற்காலத்தில் பெண்கள் கால்பந்துக்கு ரசிகர்களே இல்லை என்று பேசினார்கள்.

நம் நாட்டில் அப்படி யாரும் தடை விதிக்கவில்லை. ஆனால் லீக்கை நடத்திய முறையே ஊரையும் அணியையும் பிரித்துவிட்டது. சேது வென்ற ஆண்டில், தேசியச் சுற்று முழுவதும் ஒரே ஊரில், மூன்று வாரத்துக்குள் நடத்தி முடிக்கப்பட்டது. ஆண்டில் மூன்று வாரம் மட்டுமே ஆட்டம் இருந்தால், மீதி நாள்களில் ஒரு வீராங்கனை எதை நம்பி வாழ்வார்? சேதுவுக்காகவும் இந்தியாவுக்காகவும் ஆடிய கடலூரின் இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றுபவர். அந்தப் பணி அவருக்குப் பெருமைதான். அப்படி ஓர் அரசு வேலை கிடைக்காத மற்ற பெண்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. கபடியிலும் இதே கதைதான். 2016இல் மூன்று அணிகளுடன் நடந்த மகளிர் கபடிப் போட்டி அடுத்த ஆண்டே நின்றுபோனது. அந்த அணிகளின் பெயர்கள் ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் திவாஸ், ஸ்டார்ம் குயின்ஸ். ஆண்கள் அணிகள் பாட்னா, ஜெய்ப்பூர் என்று ஊர்ப் பெயரோடு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் அணிகளுக்கு உரிமை கொண்டாட ஓர் ஊர்கூட இல்லை.

கிரிக்கெட்டின் மகளிர் பிரீமியர் லீக்குக்கு, முதல் பந்து வீசப்படும் முன்பே, ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வருங்காலப் பணம் உறுதியானால்தான் அணிகள் துணிந்து செலவு செய்யும் என்பதால் இதைப் பெரிதும் மதிக்கிறேன். இருந்தும் 2023இல் எல்லா ஆட்டங்களும் மும்பையையும் நவி மும்பையையும் தாண்டவில்லை. 2024இல் பெங்களூருவுக்கு ஆட்டங்கள் வந்தபோது சின்னசாமி அரங்கில் பெருங்கூட்டம் திரண்டது. ஆண்கள் அணி அதுவரை தொடாத கோப்பையை அந்த ஊரின் பெண்கள் அந்த ஆண்டே வென்றார்கள். சென்னைக்கு அந்த லீக்கில் அணியே இல்லை என்பது தனி வருத்தம்.

இந்திய மகளிர் லீக் 2023-24 பருவத்தில்தான் முதன்முறையாக ஒவ்வோர் அணியும் தன் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் உள்ளூர், வெளியூர் முறையில், சில மாதங்களுக்கு நீண்டு நடந்தது. 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று நம் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதற்கு, வீராங்கனைகளுக்குக் கிடைத்த இந்தக் கூடுதல் ஆட்டங்களும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். பயணச் செலவைக் காரணம் காட்டி மீண்டும் ஒரே ஊருக்குள் லீக்கைச் சுருக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தச் செலவை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் மாநில அரசுகளும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அரங்கம் பெரிதாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. மகளிர் அணிக்கென்றே கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி அரங்கில் 11,500 இருக்கைகள்தான். மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கின் ஒரு பக்க கேலரி நிறைந்தாலே நம் பெண்களுக்குப் போதிய தொடக்கம். இலவச அனுமதி எனக்கு உடன்பாடில்லை. முப்பது ரூபாயோ ஐம்பது ரூபாயோ டிக்கெட் வைத்து, பள்ளிக் கால்பந்து அணிச் சிறுமிகளுக்கு மட்டும் முன்வரிசையை ஒதுக்கி, ஞாயிறு மாலை ஐந்து மணி என்று பருவம் முழுவதற்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தால், வீட்டில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்கே நான் வருவேன்.