நியூபிரிட்ஜ், இல்லையென்றால் எங்குமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை பையனின் கேலிக் ஃபுட்பால் மேட்ச். மைதான ஓரத்தில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு டப்ளின்கார அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்: "அதான் இப்போது நாங்களும் தோற்கிறோமே, இன்னும் என்ன புலம்பல்?" டப்ளின் அணிக்கு மைதானத்திலும் பணத்திலும் சலுகை என்று மற்ற ஊர்க்காரர்கள் நாங்கள் சொல்வதைத்தான் புலம்பல் என்கிறார். காற்றும் மழையும் அடித்த அடியில் அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு. நாங்கள் இருப்பது அயர்லாந்தில், டப்ளினை ஒட்டிய கில்டேர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). இங்கே கையாலும் காலாலும் ஆடும் கேலிக் ஃபுட்பாலும், மட்டையால் ஆடும் ஹர்லிங்கும்தான் ஊர் ஆட்டங்கள். நான் பேசப்போவது ஃபுட்பாலைப் பற்றி. இரண்டையும் நடத்துவது ஜி.ஏ.ஏ. என்கிற சங்கம், 1884இல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி ஆரம்பித்தது. ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், போலீஸ்காரர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் வேலை முடிந்து சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறார்கள். ஏலம் கிடையாது, விலைக்கு வாங்கும் வழக்கமும் கிடையாது. எந்த ஊர் கிளப்பில் வளர்ந்தாயோ, அந்தக் கவுண்டியின் சட்டைதான் உனக்கு. அதாவது கவுண்டியில் எத்தனை பிள்ளைகள் பிறக்கிறார்கள், அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், இதை வைத்துத்தான் எல்லாம்.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டப்ளினில் 14 லட்சத்து 58 ஆயிரம் பேர். லீட்ரிம் கவுண்டியில் 35 ஆயிரம் பேர். இரண்டும் அகில அயர்லாந்து சாம்பியன்ஷிப் என்கிற ஒரே கோப்பைக்கு ஆடுகின்றன. இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை, பிறப்பு அப்படி. நான் பேச வந்தது, பிறப்புக்கு மேல் மனிதர்கள் கூட்டிக் கொடுத்ததைப் பற்றி: மைதானமும் பணமும்.

மைதானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்த ஆட்டம் அறிமுகமானதே ஒரு மைதானச் சண்டையில்தான். 2018இல் நாங்கள் நியூபிரிட்ஜுக்குக் குடிவந்த புதிது. சாம்பியன்ஷிப்பில் மேயோ கவுண்டி அணிக்கு எதிராகக் கில்டேருக்குச் சொந்த ஊர் ஆட்டம் என்று குலுக்கலில் விழுந்தது. எங்கள் ஊர் செயின்ட் கான்லெத்ஸ் பார்க் மைதானத்தில் அப்போது 8,000 பேர் சொச்சம்தான் கொள்ளும். சங்கம் என்ன செய்தது? ஆட்டத்தை டப்ளினில் 82,300 பேர் கொள்ளும் குரோக் பார்க்குக்கு மாற்றியது. கில்டேர் வரமாட்டேன் என்றது. நியூபிரிட்ஜ், இல்லையென்றால் எங்குமில்லை. ஆடாமலே தோற்றதாக அறிவித்துக்கொள், பரவாயில்லை என்கிற பிடிவாதம். பேக்கரியில், மருந்துக்கடையில், பள்ளி வாசலில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. கடைசியில் சங்கம் இறங்கி வந்தது. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, வீட்டில் ரேடியோவில் கேட்டேன். கமென்ட்ரி பாதி புரியவில்லை, ஆனால் ஜன்னல் வழியாக வந்த சத்தம் முழுசாகப் புரிந்தது. 0-21க்கு 0-19 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). கில்டேர் ஜெயித்தது.

(அதற்கப்புறம் வந்த, கடைசி எட்டு அணிகள் ஆடும் சூப்பர் 8 சுற்றில் மூன்று ஆட்டத்திலும் தோற்றோம். அதையும் சொல்லிவிடுவதுதான் நாணயம்.)

அந்த சூப்பர் 8 விதியும் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஒன்று, பொது மைதானத்தில் ஒன்று. கேட்க நியாயமாக இருக்கிறதா? பொது மைதானம் என்றால் குரோக் பார்க். டப்ளின் தன் சொந்த மைதானம் என்று எழுதிக் கொடுத்ததும் குரோக் பார்க். டொனெகால் கவுண்டி இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது, எடுபடவில்லை. அந்த 2018 சாம்பியன்ஷிப்பில் டப்ளின் ஆடிய எட்டு ஆட்டத்தில் ஆறு குரோக் பார்க்கில். போர்ட்லீஷ் ஒரு தடவை, ஓமா ஒரு தடவை, அவ்வளவுதான் வெளியூர். டொனெகாலில் ரயிலே கிடையாது. அங்கிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பி மூன்று நான்கு மணி நேரம் காரில் வரவேண்டும். டப்ளின் ஆட்டக்காரர் தன் வீட்டுக் கட்டிலில் தூங்கி எழுந்து வருகிறார்.

டப்ளினுக்குச் சொந்தமாக மைதானமே இல்லையா? இருக்கிறது, பார்னெல் பார்க். சாம்பியன்ஷிப்புக்கு வெளியே தனியாக நடக்கும் லீக் ஆட்டங்களை அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2011இலிருந்துதான் அவற்றையும் குரோக் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள். டப்ளினும் கில்டேரும் இருக்கிற லென்ஸ்டர் மாகாணத்தின் போட்டியில் இன்னும் மோசம். 2006இல் லாங்ஃபோர்டுக்குப் போய் ஆடிய டப்ளின், அடுத்து குரோக் பார்க்கை விட்டு வெளியே வந்தது 2016இல், கில்கென்னியில். நடுவில் பத்து வருஷம்!

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மேயோக்காரர். மேயோ கடைசியாகக் கோப்பையை வென்றது 1951இல். 2013, 2016, 2017 மூன்று இறுதியாட்டங்களிலும் டப்ளினிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்கவே கூடாது, காபி ஆறிப்போகும். அவர் அடிக்கடி சொல்வது 2006 அரையிறுதி. குரோக் பார்க்கில் ஹில் 16 என்று ஒரு மேடு, டப்ளின் ரசிகர்கள் நின்றுகொண்டு பார்க்கும் இடம். ஆட்டத்துக்கு முன் அந்த முனையில்தான் டப்ளின் உடம்பைச் சூடுபண்ணிக்கொள்ளும். அன்றைக்கு மேயோ முந்திக்கொண்டு போய் அங்கே பந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டது. டப்ளின்காரர்களும் விடவில்லை. இரண்டு அணியும் ஒரே முனையில், மறுமுனை காலி. பொது மைதானம் என்று பேர், அதில் ஒரு முனைக்குப் பட்டா இருக்கிறது பாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் இதில் மிகையாகப் பேசுகிறார்கள். 2002இல் சங்கமே அமைத்த ஒரு குழு, டப்ளினை வடக்கு தெற்கு என இரண்டாகப் பிரிக்கலாம் என்றது. பிரிக்கவில்லை. பதிலாக, நகரத்துப் பிள்ளைகள் சாக்கர், ரக்பி என்று போய்விடுகிறார்கள் என்று சொல்லி, 2000களின் நடுவிலிருந்து அரசுப் பணமும் சேர்ந்து டப்ளினுக்குத் தனியாக நிதி பாய்ந்தது. 2007இலிருந்து 2018 வரை ஆட்ட வளர்ச்சிக்கென்று டப்ளினுக்குப் போனது சுமார் 1.8 கோடி யூரோ. வேறு எந்தக் கவுண்டியும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

அந்தப் பணம் கோப்பை ஆடும் அணிக்குப் போகவில்லை என்பார்கள் டப்ளின்காரர்கள். உண்மை. அது போனது பயிற்சியாளர்களுக்கு. பள்ளிக்கும் கிளப்புக்கும் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் முழுநேரச் சம்பள ஆட்கள். சம்பளத்தில் ஒரு பங்கைக் கிளப்பும் போடவேண்டும். பல ஆயிரம் உறுப்பினர் இருக்கிற டப்ளின் கிளப்புக்கு அது முடியும். லீட்ரிமில் ஒரு கிராமத்துக் கிளப்புக்கு? என் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பவர் பிளம்பர். தங்கமான மனிதர், வேலை இருக்கிற வாரம் வரமாட்டார். ஏழு வயதில் வாரம் மூன்று நாள் சரியாகச் சொல்லிக்கொடுத்தால், அதன் பலன் இருபது வயதில்தான் தெரியும். டப்ளின் வென்றது 2011, 2013, அப்புறம் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு கோப்பை. எல்லாம் பணம் செய்தது என்று சொன்னால் அது க்ளக்ஸ்டன் மாதிரி கோல்கீப்பரையும் ஜிம் கேவின் மாதிரி பயிற்சியாளரையும் அவமதிப்பது. பணத்துக்குப் பங்கே இல்லை என்றால் அது காதில் பூச்சுற்றுவது.

ஆனால் எப்படிப் பங்கிட்டால் நியாயம்? இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. லிமெரிக் கோடீஸ்வரர் ஜே.பி. மெக்மேனஸ் 2023 கடைசியில் 32 கவுண்டிக்கும் தலா 10 லட்சம் யூரோ என்று தூக்கிக் கொடுத்தார். எல்லாருக்கும் சமம். தலைக்குக் கணக்குப் போட்டால் லீட்ரிம் பிள்ளைக்குக் கிடைத்ததில் ஒரு துளிதான் டப்ளின் பிள்ளைக்கு. டப்ளின் பிள்ளையும் பிள்ளைதானே. சங்கமும் பின்னாளில் டப்ளினின் பங்கைக் குறைத்து மற்றவர்களுக்குக் கூட்டியது. அந்தச் சண்டை இன்னும் பத்து வருஷம் ஓடும், ஓடட்டும்.

மைதானம் அப்படியில்லை. அதைத் திருத்தப் பத்துக் காசு வேண்டாம். "சொந்த ஆட்டத்துக்கு யாரும் குரோக் பார்க்கை எழுதிக் கொடுக்கக் கூடாது" என்று ஒரு வரி போதும். ஏன் போடவில்லை? பார்னெல் பார்க்கில் உட்காரும் கூட்டத்தைவிடக் குரோக் பார்க்கில் பல மடங்கு கூட்டம், வாசல் வசூலும் அப்படியே. எங்கள் மேயோ ஆட்டத்தை மாற்றப் பார்த்ததும் அந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். டப்ளின்காரர்கள் எப்போதும் சொல்வது, எங்கே வைத்தாலும் நாங்கள் ஜெயிப்போம் என்பது. சரி, அப்படியென்றால் வெளியே வந்து ஆடுவதில் என்ன நஷ்டம்?

தோற்கிறார்கள் என்பதும் உண்மைதான். 2025 லென்ஸ்டர் போட்டியில் மீத் கவுண்டி அவர்களைத் தோற்கடித்தது, அதுவும் போர்ட்லீஷில். பதினான்கு வருஷமாக லென்ஸ்டர் கோப்பையை விடாமல் வென்ற தொடர் அங்கே அறுந்தது. அந்த வருஷக் கோப்பை லௌத் கவுண்டிக்குப் போனது, 1957க்குப் பிறகு முதல் தடவை. குரோக் பார்க்குக்கு வெளியே நடந்த அந்த ஒரு தோல்வியைக் காட்டி, குரோக் பார்க் பிரச்சினை முடிந்துவிட்டது என்கிறார் நம் டப்ளின்கார அப்பா.

அவர் ஏன் கில்டேரில் நின்று மேட்ச் பார்க்கிறார் என்று சொல்லவில்லையே. டப்ளினில் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் இங்கே வந்தவர், என்னைப் போலத்தான். அவர் மகனும் என் மகனும் ஒரே அணி. நன்றாக ஆடினால் இரண்டு பேரும் போடப்போவது கில்டேரின் வெள்ளைச் சட்டை. என்றைக்காவது குரோக் பார்க்கில் டப்ளினுக்கு எதிராக அவர் மகன் இறங்கினால், இவர் ஹில் 16இல் நிற்பாரா, என் பக்கத்தில் வந்து உட்காருவாரா? அடுத்த ஞாயிறு கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.