2021 விருது மெலெண்டெஸுக்குத்தான் போயிருக்க வேண்டும்

சனிக்கிழமை ராத்திரி எங்கள் பேஸ்பால் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணி தன் ஆட்டக்காரர் எம்.ஜே. மெலெண்டெஸுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தரவில்லை என்ற 2025 நவம்பர் செய்தியை எடுத்துப் போட்டு, "இப்பவாவது ஒத்துக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எதை ஒத்துக்கொள்ள வேண்டும்?

2021-இல் 'பேஸ்பால் அமெரிக்கா' பத்திரிகை கொடுத்த மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே, இளம் ஆட்டக்காரர்கள் தேறி வரும் லீக்குகள்) சிறந்த ஆட்டக்காரர் விருது, அதே ராயல்ஸின் பாபி விட் ஜூனியருக்குப் போனது சரியில்லை, அது மெலெண்டெஸுக்குப் போயிருக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். நாலு வருடம் கழித்து ஒரு அணி ஒருவரை வேண்டாம் என்று விட்டுவிட்டதால், அவர் அன்றைக்கு அடித்த 41 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு மேல் அனுப்பும் அடி) 31 ஆகிவிடாது.

விட் ஜூனியர் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று எனக்கும் தெரியும். 2024-இல் .332 பேட்டிங் சராசரியோடு, மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டம் வாங்கினார். அங்கே எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஓட்டெடுப்பில் ஆரன் ஜட்ஜுக்கு அடுத்த இடம். 11 வருடத்துக்கு 288 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து ராயல்ஸ் அவரைத் தக்கவைத்திருக்கிறது. இங்கே ஆர்கன்சாவிலிருந்து கான்சாஸ் சிட்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்டிக்கொண்டு போய் அவர் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருகிறவன் நான். அவர்மேல் எனக்கு ஒரு காழ்ப்பும் கிடையாது. ஆனால் இப்போது சொன்னதில் எது 2021-இல் நடந்தது? ஒன்றுகூட இல்லை.

அந்த வருடக் கணக்கை மட்டும் எடுப்போம். விட்: .290 சராசரி, 33 ஹோம் ரன், 97 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்), 29 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). மெலெண்டெஸ்: .288 சராசரி, 41 ஹோம் ரன், 103 ஆர்.பி.ஐ. ஹோம் ரன் கணக்கில் அந்த வருடம் மைனர் லீக் முழுவதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேஸ் ஏறுவதையும் அடியின் வலுவையும் சேர்த்துப் பார்க்கும் ஓ.பி.எஸ். கணக்கில் மெலெண்டெஸ் 1.011. விட் .940-ஐக்கூடத் தொடவில்லை. சராசரியில் இருந்த வித்தியாசம் .002. அதாவது ஆயிரம் தடவை பேட்டைப் பிடித்தால் இரண்டு ஹிட்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்றை எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இருவரும் ராயல்ஸ் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் ஆடியவர்கள். முதலில் மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள்-ஏ நிலையில் நம்மூர் நார்த்வெஸ்ட் ஆர்கன்சா நேச்சுரல்ஸ், பிறகு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ நிலையில் ஓமஹா ஸ்டார்ம் சேசர்ஸ். வேறு வேறு லீக்கில் ஆடுபவர்களை ஒப்பிடும்போது, அந்த மைதானம் சின்னது, அந்த ஊர் உயரத்தில் இருக்கிறது, அங்கே பந்து பறக்கும் என்று நூறு சமாதானம் சொல்லலாம். இங்கே அதற்கு இடமே இல்லை. அதே ஸ்பிரிங்டேல் மைதானம், அதே லீக், அதே பந்துவீச்சாளர்கள், அதே பஸ் பயணம். இதைவிட நேரான ஒப்பீடு மைனர் லீக்கில் கிடைக்காது. அந்த நேரான ஒப்பீட்டில் யார் அதிகம் அடித்தது?

விட் ஆடும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பது) கஷ்டமான இடம் என்பார்கள். சரி, கஷ்டம்தான். மெலெண்டெஸ் ஆடிய கேட்சர் இடம் (பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பது)? இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஜூலை மாத ராத்திரி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? பென்டன்வில்லில் ஆபீஸ் முடித்துவிட்டு நேரே ஸ்பிரிங்டேலில் நேச்சுரல்ஸ் ஆடும் ஆர்வெஸ்ட் பால்பார்க் போய் உட்கார்ந்தால் ஏழு மணிக்குக்கூடச் சட்டை முதுகில் ஒட்டும். அந்தப் புழுக்கத்தில் முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழுந்து மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, அந்தக் காலோடு வந்து பேட் பிடிக்க வேண்டும்.

ஒரு ஆட்டத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நல்ல இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தேன். பேட்டில் லேசாக உரசி வந்த பந்து மெலெண்டெஸின் வலது தோளில் விழுந்தது. கவசம் மூடாத இடம். சத்தம் எங்களுக்கே கேட்டது. பயிற்சியாளர் டக்அவுட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். மெலெண்டெஸ் அவர் பக்கம் திரும்பாமலே கையை ஒருமுறை சுழற்றினார், அம்பயரிடமிருந்து புதுப் பந்தை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுப் பிட்ச்சருக்கு எறிந்தார், மறுபடி குந்திவிட்டார். அடுத்த இன்னிங்ஸில் இடது கை பேட்டரான அவர் வலது பக்க வேலிக்கு மேல் ஒன்றை அனுப்பினார். பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க என் மகன் இருக்கைமேல் ஏறி நின்றான். இதெல்லாம் புள்ளிவிவரத் தாளில் வராது. விருது கொடுக்கிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்.

"விட்டுக்கு 21 வயசு, மெலெண்டெஸுக்கு 22" என்று ஒரு வாதம். ஒன்றரை வயது வித்தியாசம். அதற்கு எட்டு ஹோம் ரன்னைத் தள்ளுபடி செய்ய வேண்டுமா? 2019-இல் ஆரம்ப நிலை லீக்கில் மட்டும் ஆடிவிட்டு விட் நேராக டபுள்-ஏ வந்தவர். அது பெரிய தாண்டல்தான், மதிக்கிறேன். அவருடைய 29 ஸ்டீலையும் மதிக்கிறேன். இவ்வளவுதான் அந்தப் பக்கத்தில் சொல்ல இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? 2019 இருக்கிறது.

மெலெண்டெஸ், 2017 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வு) இரண்டாம் சுற்றில் ராயல்ஸ் தேர்ந்தெடுத்த பையன். 2019-இல் வில்மிங்டனில், டபுள்-ஏவுக்கு ஒரு படி கீழான ஹை-ஏ நிலையில் ஆடும்போது அவர் சராசரி .163. எழுத்துப் பிழை இல்லை, .163 தான். 165 ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). பேட்டர்களுக்கு ஒத்துவராத மைதானம் அது என்பது ஊரறிந்தது, ஆனாலும் .163 அடித்தவரைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வருடம் கொரோனா. 2020-இல் மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. ஆடி நிரூபிக்கக்கூட வழியில்லாத வருடம். ராயல்ஸின் பேட்டிங் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து தன் ஸ்விங்கையே பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். 2021 மே மாதம் வந்தபோது அது வேறு ஆட்டக்காரர். 115 ஸ்ட்ரைக்அவுட், 75 வாக் (நாலு தப்பான பந்தை விட்டு முதல் பேஸுக்கு நடப்பது). அவரோடு வில்மிங்டனில் .191 அடித்துத் தவித்த நிக் பிராட்டோவும் அதே 2021-இல் 36 ஹோம் ரன் அடித்தார்.

.163-இலிருந்து 41 ஹோம் ரன். மைனர் லீக் என்பதே இதற்காகத்தானே இருக்கிறது? தடுமாறுகிற பையன்கள் கற்றுக்கொண்டு எழுவதற்கு. விட் 2019 டிராஃப்டில் முதல் சுற்றில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர், பதினாறு சீசன் மேஜர் லீக்கில் பந்து வீசிய அப்பாவின் மகன். மேலே போவார் என்று அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எல்லாருக்கும் தெரியும். மேலே போவார் என்று தெரிந்தவருக்கு, நீ மேலே போவாய் என்று ஒரு விருது எதற்கு? வருங்காலத்துக்கென்று தனியாக டாப் 100 பட்டியல் வருடா வருடம் வருகிறது. அதில் விட்டை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் வையுங்கள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று என் மனைவியும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

என் அக்கா பள்ளியில் பூப்பந்து ஆடினாள். ஒரு வருடம் மாவட்டப் போட்டியில் அவர்கள் அணி இறுதி ஆட்டம் வரைக்கும் போனதே அவளால்தான். நான் சொல்லவில்லை, எதிரணி டீச்சரே வந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். சிறந்த ஆட்டக்காரர் கோப்பை வேறொரு பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண் நன்றாக ஆடுகிறவள்தான், ஆனால் அந்தப் போட்டியில் பாதி ஆட்டம் உட்கார்ந்திருந்தாள். மாநில முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள், அவ்வளவுதான். அப்பா போய்க் கேட்டபோது நடத்தியவர்களில் ஒருவர், "சார், அது மேல போகப்போற பொண்ணு, இந்தக் கப்பு அதுக்கு உதவும். உங்க பொண்ணு எப்படியும் அடுத்த வருஷம் நிறுத்திடும்" என்றார். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்னபடியே அடுத்த வருடம் அக்கா ஆடவில்லை. அதனால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமா? அந்த வருடம் ஆடியது யார்?

உடனே "உங்க அக்கா கதைக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் வருவார். அதே நியாயம்தான் இரண்டிலும் இருக்கிறது என்பது தெரியாதவருக்கு நான் என்ன சொன்னாலும் விளங்காது.

இன்னொருவர், "மெலெண்டெஸுக்குத்தான் ஜோ பாமன் விருது கிடைத்ததே" என்பார். கிடைத்தது. மைனர் லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவருக்குத் தருவது. 1954-இல் நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் ராக்கெட்ஸ் அணிக்கு 72 ஹோம் ரன் அடித்த ஜோ பாமன் பெயரில் உள்ளது. ஒரு ஹோம் ரன்னுக்கு 200 டாலர் வீதம் 8,200 டாலர். அது எண்ணிப் பார்த்துத் தருவது. யாரும் உட்கார்ந்து யோசித்து, இவர்தான் என்று முடிவு செய்து தந்ததில்லை. யோசித்து முடிவு செய்யும் இடத்தில்தான் அவர் பெயர் விடுபட்டது.

பின்னால் நடந்ததை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றால் பழைய பட்டியலையும் எடுங்கள். 2000-இல் இந்த விருதை வாங்கிய பந்துவீச்சாளர் ஜான் ரௌச் (Jon Rauch) பிறகு பெரும்பாலும் ரிலீவராகத்தான் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பந்துவீச்சாளர்) காலம் தள்ளினார். அவரிடமிருந்து திருப்பிக் கேட்டார்களா? 2005-இல் டெல்மன் யங் வாங்கினார். அந்த வருடம் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்த பிராண்டன் வுட்டுக்கு இல்லை. இருவருமே மேலே போய் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. வருங்காலத்தைக் கணித்துக் கொடுத்தாலும் இதுதான் கதி. அப்படியிருக்க, கண்ணெதிரே நடந்ததை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? 2025-இல் கானர் கிரிஃபின் வாங்கினார். 19 வயதில் .333, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல், ஒரே வருடத்தில் மூன்று நிலைகளில் ஆடியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்த வருடத்தில் செய்தார், அந்த வருடத்துக்கு வாங்கினார்.

அப்புறம் அந்தச் செய்தி. மெலெண்டெஸை விட்டுவிட்டார்கள் என்பதைப் போட்டுச் சிரிப்புப் படம் வைத்திருந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் வந்த நேரத்தில் ராயல்ஸின் கேட்சர் யார்? சால்வடோர் பெரெஸ். 2021-இல் 48 ஹோம் ரன் அடித்த சால்வடோர் பெரெஸ். அவர் இருக்கும்போது இன்னொருவருக்கு அந்த இடம் எப்படிக் கிடைக்கும்? வெளிக்களத்துக்கு அனுப்பினார்கள். வாழ்நாள் முழுக்கக் குந்தியிருந்து ஆடப் பழகியவரை, நடக்கிற மேஜர் லீக் சீசனிலேயே புது இடத்தில் நிற்க வைத்துவிட்டு, பேட்டிங்கும் வரவில்லையே என்றார்கள். முதல் வருடம் 18 ஹோம் ரன் அடித்தார், சராசரி .217. அதற்கப்புறமும் பெரிதாக மேலே வரவில்லை. 2025-இல் பெரும்பகுதி மறுபடியும் ஓமஹாவிலேயே கழிந்தது. அந்தப் பஸ், அந்த ஹோட்டல், அந்த 2021-இல் ஆடிய அதே மைதானம். ஒரு மனிதருடைய வேலை போன செய்தி அது. அதை எடுத்துவைத்து என்னோடு வாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள்.

எனக்கு அது வலித்தது. சொல்வதில் வெட்கமில்லை.

இதற்கு மேலும் விட்டுக்குத்தான் என்று வாதாட விரும்புகிறவர்கள் தாராளமாக வாருங்கள். 2021 மே 4 முதல் அக்டோபர் தொடக்கம் வரைக்குமான ஆட்டங்களிலிருந்து எதை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். ஃபீல்டிங், பேஸ் ஓட்டம், எந்தப் பிட்ச்சரை யார் எப்படி அடித்தார் என்று எதுவானாலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிக்கிறேன். 2022-க்குப் பிறகு நடந்த எதையும் அனுப்பாதீர்கள், அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.