ஓர் ஊக்கு கிடைக்காத வெனிஸ்

வெனிஸின் கன்னரெஜ்ஜோ பகுதியில் ஒரு சிறிய பாலத்தில், சரியாக நடுப்படியில், என் மனைவியின் செருப்பு வார் அறுந்தபோது பகல் மணி பன்னிரண்டு. ஜூன் மாதச் சனிக்கிழமை. பின்னால் ஏறிவந்த கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு நகர்ந்தது. வழக்கமாக வளையலில் இரண்டு ஊக்காவது கோத்து வைத்திருப்பவள், விமான நிலையப் பரிசோதனைக்குப் பயந்து அத்தனையையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். “ஓர் ஊக்கு வாங்கி வாருங்கள், அது போதும்” என்றாள். உலகமே கொண்டாடும் காதல் நகரத்தில் ஓர் ஊக்கு வாங்குவதற்கு அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் அலைந்த அலைச்சலைத்தான் இங்கே கொட்டப்போகிறேன்.

இந்த ஊரை அவளுக்குக் காட்டவேண்டும் என்று பதினாறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். 2009 வசந்த காலத்தில், ஜெர்மனியில் மாணவனாக இருந்த காலத்தில், மியூனிக்கிலிருந்து இரவு ரயில் பிடித்துத் தனியாக வந்து, சாந்தா லுச்சியா நிலையத்தின் வாசலில் கால் வைத்தவுடன் சாலை இருக்கவேண்டிய இடத்தில் பெருங்கால்வாயைக் கண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்று விழுந்தது. ஒரு சந்துக்குள் ஆணி, கயிறு, குழாய் வளையம், துடைப்பம் எல்லாம் தொங்கிய ஓர் இரும்புக் கடை இருந்தது. கடைக்காரப் பெரியவர் தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து, கடுகு பொறுக்குவதுபோல் திருகுகளைப் பொறுக்கி, பொருந்துகிற ஒன்றை எடுத்து முடுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று கையை அசைத்தார். கோபுரங்களையும் ஓவியங்களையும்விட அந்தத் தகர டப்பாதான் எனக்கு வெனிஸ். திருமணமான நாளிலிருந்து இந்தக் கதையை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று எனக்கே தெரியாது.

இந்த முறை நகருக்குள் தங்கும் வசதி எங்கள் பணப்பைக்கு இல்லை. பக்கத்து ஊரான படோவாவில் அறை எடுத்துக்கொண்டு காலை ரயிலில் வந்தோம். அப்படிப் பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் வெனிஸ் இப்போது நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 2024இல் 29 நாள்களுக்கு ஐந்து யூரோ என்று தொடங்கியது. 2025இல் 54 நாள்கள், அதுவும் வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் முடிவெடுத்தால் பத்து யூரோ. காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை இந்த வசூல். கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை வைத்துக்கொண்டு, சர்க்கஸ் கூடாரத்துக்குள் போவதுபோல், ஒரு நகரத்துக்குள் போனோம். கூட்டத்தைக் குறைப்பதற்காகவே இது என்று சொன்னார்கள். முதல் ஆண்டில் ஏறத்தாழ 4,85,000 பேர் கட்டினார்கள், சுமார் 24 லட்சம் யூரோ சேர்ந்தது. கூட்டம் குறைந்ததா என்று கேட்காதீர்கள். வெனிஸ் வரை வந்துவிட்டவன் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கேட்டார்கள் என்பதற்காகத் திரும்பியா போவான்? கட்டணம் என்னை எரிச்சல்படுத்தவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணத்துக்கு உள்ளே ஓர் ஊர் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேன்.

மனைவியைப் பாலத்தடியில் ஒரு சுவரோரம் நிற்க வைத்துவிட்டு அந்த இரும்புக் கடையைத் தேடிப் போனேன். வெனிஸின் முகவரி முறை தெருவை வைத்து அல்ல, பகுதியை வைத்து அமைந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே தொடர் எண்தான், அது ஆயிரக்கணக்கில் ஓடும். ஆகவே கால் நினைவை நம்பித்தான் நடக்கவேண்டும். சந்து இருந்தது. கடையின் மரக் கதவுச் சட்டம்கூட அப்படியே இருந்தது. உள்ளே முகமூடிகள். இறகு வைத்தது, பொன் பூசியது, மூக்கு நீண்டது, குழந்தைக்கு, நாய்க்கு. பெரியவரின் தகர டப்பா இருந்த மேசையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மைகள், மூன்று எடுத்தால் ஒன்று இலவசம். ஊக்கு இருக்கிறதா என்று சைகையில் கேட்டேன். அங்கிருந்த பெண் மிகவும் யோசித்துவிட்டு, படகு வடிவத்தில் ஒரு சட்டை ஊசியைக் காட்டினாள். பன்னிரண்டு யூரோ.

அடுத்தது ஐஸ்கிரீம் கடை. அதற்கடுத்ததும் ஐஸ்கிரீம் கடை. பிறகு ‘முரானோ கண்ணாடி’ என்று எழுதிய கடை. அங்கே விற்பதில் எவ்வளவு, கண்ணாடிக்குப் பெயர்போன முரானோ தீவின் உலையில் ஊதியது என்பது அந்த விலையைப் பார்த்தாலே தெரியும். தையல் சாமான் கடை எங்கே என்று ஒரு மருந்துக் கடையில் கேட்டதற்கு, ரயில் ஏறி, தீவுக்கு வெளியே கரையில் இருக்கும் மெஸ்த்ரேவுக்குப் போகச் சொன்னார்கள். ஊக்கு வாங்க அடுத்த ஊருக்கு ரயில்!

ரியால்டோ பாலத்தின் அருகில் சான் பர்த்தலோமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் சன்னலில் மின் எழுத்துப் பலகை ஒன்று இருக்கிறது. இந்தத் தீவு நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை 2008இலிருந்து அது காட்டிக்கொண்டிருக்கிறது. 2009இல் நான் முதலில் பார்த்தபோது அறுபதாயிரத்தை ஒட்டிய எண். ஏதோ வேடிக்கை என்று படம் எடுத்துக்கொண்டு போனேன். அதே ஆண்டு நவம்பரில், எண் அறுபதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று சொல்லி, ஊர்க்காரர்கள் சவப்பெட்டி ஒன்றைப் படகில் ஏற்றிப் பெருங்கால்வாய் வழியாக ஊருக்கே இறுதி ஊர்வலம் நடத்தினார்கள் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த இடம். 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போயிற்று. அடுத்த ஆண்டு, பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டியது. ஆண்டுக் குத்தகைக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வதைவிட நாள் வாடகைக்குப் பயணிகளை மாற்றி மாற்றி ஏற்றுவதில் பணம் பல மடங்கு கொட்டும்போது வீட்டுக்காரன் எதைச் செய்வான்? குடும்பம் போனால் குழாய் வளையம் வாங்க ஆள் இல்லை, ஆள் இல்லையென்றால் இரும்புக் கடை இல்லை, இரும்புக் கடை போனதும் மிச்சமிருந்த குடும்பமும் மெஸ்த்ரேவுக்குக் குடிபெயர்கிறது. முகமூடிக்குள் முகமே இல்லாத ஊர் அப்படித்தான் உண்டாகிறது.

நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2009இல் சான் மார்கோ சதுக்கத்துக்கு எதிரே வீடுகளின் கூரைக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு கப்பல் ஒன்று நகர்ந்த காட்சி எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெருங்கப்பல்களை 2021 ஆகஸ்டிலிருந்து அந்த வழியில் விடுவதில்லை. வழிகாட்டிகள் ஒலிபெருக்கி பிடித்துக் கத்தக்கூடாது, ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது என்று 2024இல் விதி வந்தது. விதி இருக்கிறது. 25 பேர் கொண்ட நாற்பது குழுக்கள் ஒரே சந்தில் வந்தால் அதற்கு விதி இல்லை.

செருப்பில்லாத கால் கல்தரையில் கொதித்துக்கொண்டிருக்க, மனைவி உட்கார இடம் தேடியிருக்கிறாள். சான் மார்கோ சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் அபராதம். 2019இல் ரியால்டோ பாலப் படியில் உட்கார்ந்து சிறு அடுப்பு மூட்டிக் காபி போட்ட ஜெர்மானியர் இருவருக்கு 950 யூரோ தண்டம் போட்டதை நம் வீட்டுச் சமையலறை வரை வந்த செய்தியாகப் படித்திருக்கிறோம். சரி, பாலத்தில் அடுப்பு மூட்டுவது தப்புதான். ஆனால் அறுந்த செருப்போடு ஒருத்தி இலவசமாக உட்கார ஒரு கல் பலகை? அதற்குப் பதிலாக உணவகங்களின் நாற்காலிகள்தான் சதுக்கம் சதுக்கமாகப் பரவிக் கிடக்கின்றன. உட்காரலாம், குடிக்க ஏதாவது வாங்கினால். குடித்ததை வெளியேற்றக் கழிப்பிடத்துக்குப் போனால் அதற்குத் தனிக் காசு. படகில் ஏறிப் போய்விடலாம் என்றால், 75 நிமிடத்துக்கான ஒற்றைச் சீட்டு ஒன்பதரை யூரோ.

வெறுங்கையோடு நான் திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்: “இதைத்தான் பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?” எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை. நானும் அந்த நெரிசலில் ஒரு தலைதானே. அன்று அந்தப் பெரியவரிடம் நான் எதையும் வாங்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் உதவி வந்தது ஸ்ட்ராடா நோவாவில் தொப்பி விற்றுக்கொண்டிருந்த ஒரு வங்காளதேச இளைஞரிடமிருந்து. அவள் நொண்டி நடப்பதைப் பார்த்து அவரே கூப்பிட்டு, “தீதி (அக்கா), உட்காருங்கள்” என்று தன் பிளாஸ்டிக் முக்காலியைத் தள்ளினார். அட்டைப்பெட்டி கட்டி வந்த மெல்லிய கம்பியை அறுத்து, வாரில் இரண்டு துளை போட்டு, கோத்து முறுக்கி, முனை குத்தாமல் மடக்கிவிட்டார். காசு கொடுத்தபோது கையை அசைத்தார். இங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மெஸ்த்ரேவில் நான்கு பேரோடு ஓர் அறையாம், காலை ஏழு மணிப் பேருந்தில் வந்து இரவு பத்து மணிப் பேருந்தில் போகிறாராம்.

இந்த முறை ஒரு தொப்பி வாங்கினேன். ஐந்து யூரோ. எனக்கு அளவு சிறியது.