எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தால் டிபி மிச்சம் இருக்கிறதா?

“டிபி மாத்திரை 6 மாதம் முடித்தும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தால் கிருமி சாகவில்லை, இன்னொரு கோர்ஸ் போடுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு டெல்டா ஊர்களில் சுற்றுகிறது. இது தவறு.

கிருமி செத்தாலும் நுரையீரலில் அது அரித்த இடம் பழையபடி ஆகாது. அங்கே தழும்பு கட்டும், சில குழிகள் மூடாமலே நிற்கும், மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும். எக்ஸ்ரே காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். நோய் திரும்பியதா என்பதைச் சளியைக் கல்ச்சர் வைத்துத்தான் (உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்து) உறுதி செய்ய வேண்டும். சிபிநாட் (சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) மட்டும் போதாது. செத்த கிருமியின் மரபணுவையும் அது பிடித்துவிடும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரை தொடங்கினால் கல்லீரல் கெடலாம், மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம்.

இந்தத் தழும்பால் மூச்சிரைக்கலாம்; நுரையீரலின் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை) சொல்லும். மேடு ஏறும்போது மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை விடுங்கள். சளிக்கு, வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல “ஹா” என்று 2 முறை ஊதி, பிறகு இருமுங்கள். அடித்தொண்டையைக் கிழிக்கிற இருமல் வீண்.

சம்பா அறுவடையில் மெஷின் கிளப்பும் தூசிக்குத் துண்டு கட்டுவது பேருக்குத்தான்; என்95 முகக்கவசம் போடுங்கள்.

2 வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுங்கள். சளியில் ரத்தம் வந்தால் அன்றே போங்கள். பழைய குழியில் பூஞ்சை வளர்ந்தும் ரத்தம் வரும்.