படம் எடுக்க வருபவரை விசாரித்தால் என்ன குற்றம்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடி முடித்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் படம் எடுத்தார்கள். ஒரு தாய், "இவர் யார்? யார் விசாரித்தது?" என்று கேட்டார். அன்றிரவே அவரைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

படம் எடுத்தவர் தப்பானவர் என்று நான் சொல்லவில்லை, அந்த அக்காவும் சொல்லவில்லை. விசாரித்தீர்களா என்பதுதான் கேள்வி. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நானும் பதினான்கு வருடமாகக் கேமரா தூக்குகிறவன்தான். ஒருமுறை பாலர் பள்ளிப் பட்டமளிப்பில் ஒரு பாட்டி, "தம்பி, கதவைத் திறந்து வச்சே எடுங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. வேலை முடியும்வரை அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து நானே கதவைத் திறந்து வைக்கிறேன்.

மண்டபத்தில் படம் எடுத்தவரை, "நம்ம தோட்டத்துப் பையன், சின்ன வயசிலிருந்தே தெரியும்" என்கிறார்கள். தெரிந்தவர் என்பதால்தானே பிள்ளையும் நம்பிப் பின்னால் போகிறது? பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்த பிரிட்டிஷ்காரன் ரிச்சர்ட் ஹக்கிளை மறந்துவிட்டோமா? கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களோடு ஒட்டிப் பழகினான். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தான், படமும் எடுத்தான். 2016இல் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே நம் மலேசியாவில் சிறார் பாலியல் குற்றங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2019 முதல் சமூக நல இலாகாவில் அந்தக் குற்றவாளிகளின் பதிவேடு இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் எடுப்பவர்கள் விண்ணப்பித்துச் சரிபார்க்கலாம். தண்டனை பெற்றவர் பெயர்தான் அதில் இருக்கும், மாட்டாதவர் பெயர் இருக்காது. சரி, அதனால்தான் கதவும் திறந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவரும் கூட இருக்க வேண்டும்.

விசாரிக்க நேரம் இல்லை என்கிறார்கள். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மாதம் முன்பே ஆள் பேசுகிறோமே?

"அந்த வேலை உனக்குக் கிடைக்கவில்லை, அதனால் பேசுகிறாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னைத்தான் முதலில் விசாரியுங்கள் என்று கேட்கிறேன். இதில் எனக்கு என்ன லாபம் அண்ணே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பெண்கள் வாய் திறந்தால் "தோட்டத்து மானம் போச்சு" என்று அடக்குவது எனக்குப் பழக்கமான குரல். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்த காலத்தில் என் அம்மாவையும் அப்படித்தான் அடக்கினார்கள். எதற்காக என்பதை இங்கே எழுத முடியாது. பிள்ளை மானத்தைவிட மண்டபத்து மானம் பெரிதா?

அந்த அக்காவைக் குழுவில் திரும்பச் சேருங்கள். நீக்கியவர் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த மாதம் பாலர் பள்ளிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விசாரிக்கச் சொல்லி என் அடையாள அட்டை நகலை நேற்றே கொடுத்துவிட்டேன்.